‘விடு’ என்றாள் அக்கா

விளையாட்டின் மூலம் அக்கம்பக்க மேம்பாடு என்று ஒரு அதிகாரி எங்கள் முற்றத்துக்கு வந்து வாய் கிழியப் பேசிவிட்டுப் போனார். போகும்போது அக்காவின் பெயரைத் தப்பாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்கியிருப்பேன், என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நடுத்தெருவில் வண்டியை அணைத்துவிட்டுக் கண் கலங்கும் ஆட்களைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே கரைசேர்ப்பது அவள் பிழைப்பு. குரல் அப்படி. அவள் வண்டிக்குள்ளிருந்து “லெஃப்ட்” என்றால் எதிரே வருகிறவனும் லெஃப்டில் ஒதுங்குவான். புருஷன் எங்கே என்று யாராவது கேட்டால், “இண்டிகேட்டர் போடாமலே திரும்பிட்டான்” என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. நானும் என் மனைவியும் அவளோடுதான் இருக்கிறோம். நான் பல் செட் செய்பவன். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் மெழுகில் வடித்து, பல் அடுக்கி, மெருகு போட்டுத் தருவேன். யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது வாய்க்குத்தான். வாய் சொல்லாததைப் பல் சொல்லிவிடும்.

எங்கள் வளாகத்தில் இரண்டு கட்டடங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் சிமெண்ட் முற்றம். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். யார் பால்கனித் தண்ணீர் யார் துணியில் சொட்டியது என்பதிலிருந்து சண்டை. முன்கட்டடத்து மருந்துக்கடைக்காரர், பின்கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக்கின் வண்டியை மறித்துத் தன் பெரிய காரை வேண்டுமென்றே நிறுத்துவார். காலையில் அவன் ஹாரனை அமுக்குவான். இவர் பால்கனியில் நின்று நிதானமாகப் பல் தேய்ப்பார். நல்ல பற்கள், அப்போது எல்லாமே சொந்தப் பற்கள்.

ஒருநாள் காலை அக்கா பொறுமை இழந்து கீழே இறங்கினாள். “எல்லாரும் வண்டியைத் தெருவுல விடுங்க. இங்க நான் வலை கட்டப்போறேன். சண்டை போடறதுன்னா பந்தை வெச்சுப் போடுங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வண்டிகள் போய்விட்டன. இரண்டு கட்டடத்திலும் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான், வாத்தியார் பேச்சைத் தட்ட முடியுமா?

வாலிபால் வந்தது. அணி பிரிக்கும்போது முன்னும் பின்னும் கலந்துதான் பிரிப்பாள். முதல் சில வாரம் பார்க்கச் சகிக்காது. அவன் எடுப்பான் என்று மருந்துக்கடைக்காரரும், இவர் எடுப்பார் என்று மெக்கானிக்கும் நிற்க, பந்து நடுவில் விழும். இல்லாவிட்டால் இருவரும் ஒரே பந்துக்குப் பாய்வார்கள். அப்படிப் பாய்ந்த ஒரு நாளில்தான் மெக்கானிக்கின் நெற்றி மருந்துக்கடைக்காரரின் வாயில் மோதி, முன்பல் இரண்டும் சிமெண்டில் உருண்டன. புதுப் பல் நான்தான் செய்தேன். நிறம் பொருந்த எத்தனை பாடு!

அந்தப் பல் விழுந்த அன்று அக்கா ஒரு சட்டம் போட்டாள். பந்து யாருக்கு என்று சந்தேகம் வந்தால், எடுக்கப்போகிறவர் “விடு!” என்று கத்த வேண்டும். கேட்ட மற்றவர்கள் அத்தனை பேரும் அந்த நொடியே கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட வேண்டும். யோசிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கத்தியவர்தான் வாங்க வேண்டும். யாராவது தாமதித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் பழக்குவாள். அவள் ரிவர்ஸ் கற்றுக்கொடுப்பதும் அப்படித்தான், தூக்கத்திலும் வர வேண்டும் என்பாள்.

அந்த ஒரு சொல்லால் முற்றம் மாறிவிட்டது என்றால் மிகைதான், ஆனாலும் சொல்கிறேன். ஒரு மனிதனை நம்பிப் பந்தை விட்டுக்கொடுத்தவனால் மறுநாள் அவன் வண்டியை மறித்து நிறுத்த முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் மெக்கானிக்கின் அம்மாவுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். மெக்கானிக் அவர் வீட்டுக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று போய் வீடு முழுக்கத் தண்ணீர் ஆக்கினான். அதற்குக்கூட யாரும் சண்டை போடவில்லை.

அப்புறம் அந்த பீரோ வந்தது.

பின்கட்டடத்து மூன்றாவது மாடிக்கு ஒரு டீச்சர் புதிதாகக் குடிவந்தார். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டீச்சரின் இரும்பு பீரோவைப் படி வழியாக ஏற்ற வேண்டும். ஆள் எதற்கு, நம் டீம் இருக்கிறதே என்று அக்கா கை தட்டினாள். மெக்கானிக்கும் இன்னும் மூன்று பேரும் மேல் பக்கம் பிடித்தார்கள். கீழ்ப் பக்கம் மருந்துக்கடைக்காரரும் அக்காவும். டீச்சரின் நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஏறினேன்.

படி திரும்பும் இடத்தில் பீரோவைச் சாய்த்துப் பிடித்திருந்தபோது மருந்துக்கடைக்காரரின் போன் அடித்தது. போன் அடித்தால் அவர் கை தானாகப் பைக்குப் போகும், தொழில் அப்படி. ‘விடு தம்பி, அப்புறம் பேசிக்கலாம்’ என்று அக்கா சொல்ல வந்தாள். முதல் சொல்தான் வெளியே வந்தது. அதுவும் முற்றத்துக் குரலில் வந்தது.

“விடு!”

அத்தனை கைகளும் விலகின. ஐந்து பேரும் கையை இழுத்துக்கொண்டு இரண்டடி விலகி, முட்டியை லேசாக மடக்கி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நிற்பதுபோலவே நின்றார்கள். அக்கா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை, கத்தியவர்தானே வாங்க வேண்டும். பீரோ வழுக்கி வந்து அவள் காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது.

கண்ணாடியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்தோம் என்று அந்த ஐந்து பேருக்கே புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “முழங்காலுக்குக் கீழ காப்பாத்த முடியாது. உடனே எடுக்கணும். நீங்கதான் தம்பியா?” என்றார். தலையில் இடி விழுந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்பவர் தடுமாறினால் அவர் மிதிப்பார். அக்கா மிதிப்பது அந்தக் காலால்தான். காலை எடுத்தால் அவள் தொழிலையும் சேர்த்து எடுக்கிறார்கள் என்று டாக்டரிடம் சொல்ல நினைத்தேன். “ஆமா, தம்பிதான்” என்று மட்டும் சொன்னேன்.

அவளுக்கு நினைவு திரும்பியபோது நான் பக்கத்தில் இருந்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை வெகுநேரம் பார்த்தாள். அழுவாள், என்னைத் திட்டுவாள், அந்த ஐந்து பேரைச் சபிப்பாள் என்று காத்திருந்தேன்.

“ஒருத்தன்கூட லேட்டா விடலடா. பாத்தியா?” என்றாள்.

பெருமையாகத்தான் சொன்னாள். “உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? கால் போயிருக்கு உனக்கு!” என்று கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினாள்.

வெளியே நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. ஐந்து பேரும் தினம் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், வராந்தாவிலேயே நிற்பார்கள், உள்ளே வர மாட்டார்கள். குற்ற உணர்ச்சி எத்தனை நாளைக்கு ஊமையாக இருக்கும்? “மேல பிடிச்சவன்தான் முதல்ல விட்டான்” என்று முன்கட்டடம் ஆரம்பித்தது. “போன் யாருது? அதைச் சொல்லு முதல்ல” என்று பின்கட்டடம் எகிறியது. இனி இந்த விளையாட்டே வேண்டாம், அக்காவுக்குச் செய்யும் மரியாதை அதுதான் என்று இரண்டு பக்கமும் ஒன்று சேர்ந்து வலையை அவிழ்த்தன. வலை போனதும் வண்டிகள் வந்தன. தொலையட்டும், அந்தப் பந்தை இனி கண்ணால் பார்க்க வேண்டாம் என்றுதான் எனக்கும் இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஒரு தரம் வந்து பார்த்தார். ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கலாம், மெதுவாக வாங்க என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் பேசும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ஆட்டோவிலிருந்து அவளை இறக்கி, இரண்டு ஊன்றுகோலையும் கக்கத்தில் கொடுத்தேன். வாசலைத் தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். முற்றம் முழுக்கக் கார். மெக்கானிக்கின் வண்டியை மறித்துக்கொண்டு மருந்துக்கடைக்காரரின் பெரிய கார்.

“என்னடா இது?”

“உனக்காகத்தான் ஆட்டத்தை நிறுத்திட்டாங்க அக்கா. மரியாதைக்கு.”

அவள் முகம் வெளுத்தது. கால் போனதைப் பார்த்தபோதுகூட அப்படி வெளுக்கவில்லை. பொலபொலவென்று கண்ணீர். “கால் போனதுக்கு நான் அழலடா. அதுக்குப் பதிலா இத்தனை பேர் இருக்காங்கன்னு நெனச்சேன். அவங்களையும் எடுத்துட்டீங்களே” என்றாள். அவள் எதை இழந்தாள் என்று இத்தனை நாள் தப்பாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். பழைய குரல் வந்தது. “எல்லாரும் சாவியை எடுத்துக்கிட்டுக் கீழ வாங்க!”

ஜன்னல்கள் திறந்தன. ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள், அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு. அவள் ஒருவரையும் நலம் விசாரிக்கவில்லை. ஊன்றுகோலால் காட்டினாள். “நீ மொதல்ல. ரிவர்ஸ். கண்ணாடியைப் பாரு, என்னைப் பாக்காத. ஸ்டியரிங்கை ஒடி, ஒடி, இன்னும் ஒடி. போதும்!” ஒவ்வொரு வண்டியாக வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

மருந்துக்கடைக்காரரின் காரும் அதற்குப் பின்னால் மெக்கானிக்கின் காரும்தான் மிச்சம். முன்னது நகராமல் பின்னது நகராது. மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி இரண்டு தரம் உறுமி அணைந்தது. மெக்கானிக் ஹாரனைத் தொடவில்லை.

“என்னால முடியலக்கா,” என்றார். “போனை எடுக்கப் போனது நான்தான். என்னாலதான் எல்லாம்.” நான் செய்த முன்பற்கள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தன.

அக்கா வண்டியைச் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தாள். ஊன்றுகோலை என்னிடம் நீட்டிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

“அக்கா, வேண்டாம்க்கா. எங்கயாவது கொண்டுபோய் மோதிருவேன். இந்த வண்டில உங்க பக்கம் பிரேக் இல்ல.”

“இருந்தாலும் மிதிக்கக் கால் எங்க தம்பி இருக்கு? நீதான் மிதிக்கணும். எடு வண்டிய.”

அவர் எடுத்தார். வண்டி தாறுமாறாகப் பின்னால் போய், வாசல் தூணை உரசி, தெருவில் நின்றது. மெக்கானிக் இறங்கி ஓடிப்போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.