பெருங்கதைக் காலத்தில் எலி வளர்த்தது

லா ஷப்பலில் நான் இருந்த அறைக்கு வாடகை இல்லை. அதற்குப் பதிலாக எலி வளர்த்தேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் இப்போதும் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். எண்பதுகளில் பாரிசுக்கு வந்த எங்கள் ஆட்கள் ஓர் அறைக்குள் முறைவைத்துப் படுத்து எழும்பினார்கள். எனக்குக் கதவு பூட்டக்கூடிய ஓர் அறை கிடைத்தது.

வீட்டுக்காரர் ஒரு பிரெஞ்சுக்காரர். நாடகக் குழு ஒன்றுக்கு விளக்குப் போடும் வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர்ப் பயணம். முன்னறையில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மலைப்பாம்புகள் வைத்திருந்தார். சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒடுக்கத்தில் அவற்றுக்கு இரையாகச் சுண்டெலிகளும் பெரிய எலிகளும். அவற்றைப் பெருக்குவதும் வாரத்துக்கு ஒருமுறை பாம்புகளுக்குப் போடுவதும் என் பொறுப்பு. ஊரிலிருந்து மனைவி வந்தால் அவளும் அந்த அறையிலேயே இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். பாம்புகள் பட்டினி கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை. அதிலும் ஒரு குட்டிப் பாம்பு நோயில் கிடந்து அப்போதுதான் தேறிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போவார்.

மனைவி அப்போது வழியில் இருந்தாள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொழும்பிலிருந்து கிழக்கு பெர்லினுக்கு ஏற்றிவிட்டிருந்தான். அதற்குப் பிறகு எங்கே, யாருடன், எப்போது வருவாள் என்று கேட்டால் "வந்துகொண்டிருக்கிறா" என்ற ஒரே பதில்தான். தகவல் வந்தால் எங்கள் தெருப் பலசரக்குக் கடையின் தொலைபேசிக்குத்தான் வரும். உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை முடிந்ததும் கடைக்குப் போவேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவேன். உடனே திரும்ப மாட்டிக்கொண்டு மறுபடி போவேன்.

கடைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்தார். "வந்தால் நான் சொல்ல மாட்டனே? இப்பதானே வந்திட்டுப் போனனீர். போய் உம்மடை எலியளைப் பாரும்."

எலிகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் அந்தரம் கூடும். இரும்புப் பாலத்தில் மெட்ரோ போகும்போதெல்லாம் பெட்டிகள் முழுக்க ஒரே ஓட்டமாக இருக்கும். வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. பெட்டிக்கு ஓர் ஆண், மூன்று நான்கு பெண், மரத்தூள், தண்ணீர்ப் போத்தல், உணவகத்தில் மிஞ்சிய காய்ந்த பாண். வயிறு பெருத்ததும் தாயைத் தனியாக்க வேண்டும். குட்டிகள் அவித்த இறால் மாதிரிச் சிவந்து, கண் மூடிக் கிடக்கும். சுண்டெலி மூத்திரத்தின் நாற்றம் சட்டையில் ஏறிவிட்டால் எத்தனை தரம் துவைத்தாலும் போகாது. மெட்ரோவில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருந்தது. அது நிறத்துக்காகவா நாற்றத்துக்காகவா என்று நான் ஆராயப் போகவில்லை.

கார்த்திகைப் பூரணை முடிந்து பிள்ளையார் பெருங்கதை தொடங்கியது. மார்கழிச் சஷ்டி வரை மூன்று வாரம் ஒருநேரச் சாப்பாடு, கடைசி நாள் முழுப்பட்டினி, மச்சம் மாமிசம் இல்லை, கையில் நூல் காப்பு. ஊரில் இந்த விரதம் பிடிப்பவள் அவள்தான், நான் பக்கத்திலிருந்து மோதகம் தின்பவன். அந்த முறை அவள் பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று நானே காப்புக் கட்டினேன். கட்டிய கையோடு பின்னால் போய் எலிப்பெட்டியைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையாருக்கு விரதம் இருந்துகொண்டு அவருடைய வாகனத்தைப் பிடித்துப் பாம்புக்கு எப்படிப் போடுவது? போடாவிட்டால் அறை போகும். போட்டால் விரதம் போகும். இரண்டுமே அவளுக்காகத்தான்.

என்னோடு அறையில் இருந்த மன்னார் அண்ணை சிரித்தார். மனைவி வந்ததும் ஓல்னே-சூ-புவாவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்த நல்ல மனிதர்.

"இதுக்குப் போய் ஏன் தலையிலை கை வைக்கிறாய்? நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கு எலியும் ஒண்டுதான், கோழியும் ஒண்டுதான். நான் போடுறன்."

ஒரு சுண்டெலியை வாலில் பிடித்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். போன வேகத்தில், எலியும் கையுமாகத் திரும்பி வந்தார்.

"என்னண்ணை?"

"அது என்னைப் பார்த்தது."

"கண் இருந்தால் பார்க்கும்தானே."

"இல்லையடாப்பா, அந்தப் பார்வை சரியில்லை. உன்ரை விரதத்துக்காக நான் சாகேலாது."

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. நாகதம்பிரான் கோயிலில் பாம்புக்கு என்ன வைக்கிறோம்? பாலும் முட்டையும். பிரான்சுப் பாம்பென்றால் என்ன, வயிறு வயிறுதானே. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கிண்ணம் பாலும் ஒரு முட்டையும் பயபக்தியோடு வைத்துக் கும்பிட்டேன். பெரிய பாம்பு கிண்ணத்தைக் கவிழ்த்து, பாலுக்குள்ளேயே சுருண்டு படுத்தது. குட்டிப் பாம்பு முட்டையைத் தலையணையாக வைத்துக்கொண்டது. சூட்டு விளக்கின் கீழ் பால் திரைந்து வீடு முழுக்கப் புளித்து நாறியது. துடைத்துவிட்டு மறுநாளும் வைத்தேன். பசித்தால் குடிக்காமலா போகும் என்று எனக்குப் பிடிவாதம்.

பாம்புக்குப் போகாத எலிகள் பெருகின. பெட்டிகள் போதவில்லை. வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் காதைக் கிழித்தன. ஒருநாள் ஒரு தாய் தன் குட்டியைத் தின்றுகொண்டிருந்தது. நான் அதைத் தூஷணத்தால் ஏசினேன், பிறகு மூடியைப் போட்டேன். அன்று கடையில் யாரோ, எல்லையில் எங்கள் ஆட்களை ஏற்றிவந்த ஒரு வான் பிடிபட்டதாம் என்றார்கள். எந்த எல்லை, எந்த வான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போய், எந்த ரயிலுக்கு என்று தெரியாமலே மேடை மேடையாக நடந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் சொன்ன நாளுக்கு முன்பே வந்து நின்றார். கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினார். கிண்ணத்தைத் தூக்கிக்காட்டி இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், எங்கள் கடவுள் எலியில்தான் போவார், இது அவருடைய விரதம் என்றேன். சுவரில் நான் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

"இந்த யானையா? எலியிலா?"

"ஆமாம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குட்டிப் பாம்பை வெளியே எடுத்தார். அது வற்றிப்போய் முதுகெலும்பு தெரிந்தது. அவருடைய கண் கலங்கியதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு பாம்புக்காக அழுகிற மனிதனிடம் என் மனைவி எங்கே என்று தெரியவில்லை என்பதை எந்தப் பிரெஞ்சில் சொல்வது? இன்றைக்கு உன் கையால் இவை சாப்பிட வேண்டும், இல்லையென்றால் அறை வேறு ஆளுக்கு என்றார்.

சஷ்டிக்கு இன்னும் சில நாள் இருந்தன. காப்புக் கட்டிய வலக்கையால் தொட மனம் வரவில்லை. இடக்கையால் வாலைப் பிடித்துப் போட்டேன். "பிள்ளையாரே, கோபமெண்டால் என்னிலை காட்டு, அவளிலை காட்டாதை" என்று வாய்விட்டே சொன்னேன். குட்டிப் பாம்பு எலியைச் சுற்றிப் பிடித்தது. வீட்டுக்காரர் என் தோளைத் தட்டினார். அன்றே காப்பை அறுத்தேன். அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வேலையில் இரண்டு தட்டு உடைத்தேன். அவளுக்கு ஏதும் நடந்தால் அது என்னால்தான் என்ற பயம் என்னைத் தின்றது.

சஷ்டியும் போனது. ஒரு பின்னேரம் கடைக்காரர் குளிருக்குக் கோட்டுகூடப் போடாமல் எங்கள் படியேறி வந்தார். "உம்மடை ஆள் பிரசெல்சிலை ரயில் ஏறியிட்டாவாம். ஓடும்."

ஓடினேன். கார் து நோரில் இறங்கிய கூட்டத்தில் முதலில் அவளைக் கடந்து போய்விட்டேன். அவ்வளவு மெலிந்திருந்தாள். யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, பெருங்கதை முடிஞ்சுதோ?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. கோட்டுக் கைக்குள் நூல் காப்பு கறுத்துக் கிடந்தது.

"முடிஞ்சு நாலு நாள்."

"அப்பிடியே?" என்று பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "வானுக்குள்ளை அடைச்சு வைச்சிருந்தவங்கள். ராவோ பகலோ தெரியேல்லை. நாள் எண்ணினது பிழைச்சுப்போச்சு. குறைய விட்டால் உங்களுக்கு ஏதும் வந்திடுமெண்டு பிடிச்சுக்கொண்டே வந்தனான். எது கடைசி நாளெண்டு தெரியாமல் நேற்றும் இண்டைக்கும் ஒண்டுமே சாப்பிடேல்லை."

எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு சனத்துக்கு நடுவில் நின்று அழுதேன். பிறகு போய்ச் சீஸ் வைத்த பாணும் தண்ணீரும் வாங்கி வந்தேன். இரண்டு கையாலும் பிடித்துத் தின்றாள். பாதி முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"எங்களுக்கு இருக்க இடம் இருக்கோ?"

"ஓம். தனி அறை." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "ஆனால் அதுக்காக நான் விரதத்தை இடையிலை முறிச்சுப்போட்டன்."

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"நான்தான் நாலு நாள் கூடப் பிடிச்சிருக்கிறனே," என்றாள். "அதை உங்கடையிலை சேர்த்துக்கொள்ளுங்கோ."