முள்ளுக்குறிச்சி ஒரிஜினல்

பழைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஷாக் அப்சார்பர் அசலா நகலா என்று சொல்வதும் ஜோசியம் சொல்வதும் ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு பின்வாங்க முடியாது. என்னைப் போலக் கண்ணில் கிரீஸ் வாங்கியவர்களுக்கு இது தெரியும்.

ஒழுகும் மூன்று

1998. மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் வேலை பார்த்த மாட்டு டாக்டர் ஒரு பழைய சீமைக்காரை முள்ளுக்குறிச்சியில் இருந்த என் பட்டறைக்கு இறக்கிக்கொண்டு வந்தார். கோயமுத்தூர்ப் பழங்கார் கண்காட்சியில் நிறுத்தவென்றே ஆசை ஆசையாய் வாங்கிய வண்டி. நான்கு ஷாக் அப்சார்பரில் எத்தனை அசல் என்று மெக்கானிக் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டுமாம்.

அந்தக் காலத்து ஷாக் அப்சார்பர் குழாய் அல்ல, எண்ணெய் நிரப்பிய வார்ப்பிரும்புப் பெட்டி. மூன்றில் எண்ணெய் ஒழுகியது, ஒன்று காய்ந்திருந்தது. "ஒழுகற மூணும் அசலுங்க, வயசாயிருச்சு. காஞ்சது நகலு" என்றேன். பட்டறையில் வார்ப்பும் கடைசலும் பார்க்கும் என் டர்னர் பழனி ஏதோ சொல்ல வந்தான்; கையமர்த்தினேன்.

டாக்டர் கேட்டார்: "ஏனுங்க, மாட்டுக்கு மூக்கு ஒழுகினா நோவு, காருக்கு ஒழுகினா நல்ல சாதிங்களா?"

பொட்டு வைத்த இடம்

அசலில் கம்பெனி எழுத்து கூர்மையாகப் புடைத்து நிற்கும், நகலில் மழுங்கியிருக்கும். தடவிப் பார்த்தால் நான்கிலும் எழுத்தே இல்லை. டாக்டரின் டிரைவர் மாதன் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அரத்தால் வழித்து, பெயின்ட் அடித்து, சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறான்.

டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. என் அனுபவத்தை நம்பி 'மூன்று அசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டியை விட்டுவிட்டு அவர் பஸ் ஏறிப் போனதும் மாதனைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடு பள்ளத்துல பொட்டு நிக்கலீங்க. சாமி என்ன கம்பெனி பேரையா படிச்சுப் பாக்கப்போவுது?"

அரை நூல்

மறுநாள் ஒழுக்கை நிறுத்த ஆயில் சீல் மாற்றலாம் என்று நான்கையும் கழற்றினோம். அசலை அச்சாக வைத்து வார்த்தால், இரும்பு ஆறும்போது சுருங்கி, நகல் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, குறையும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே ரசிக்கலாம் என்று அளந்தேன். மூன்றும் ஒரே அளவு. காய்ந்தது மட்டும் அரை நூல் பெரிசு. அசல் அதுதான்.

போன வருடம் காபித் தோட்ட முதலாளி ஒருவர் கோணிப்பையில் ஒன்றைக் கொண்டுவந்து, அதே மாதிரி மூன்று பழனியிடம் வார்த்து வாங்கிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாதனைக் கேட்டால், டாக்டருக்குக் காரை விற்றவரே அவர்தானாம்.

பழனி சொன்னான்: "நேத்தே சொல்ல வந்தேனுங்ணா. ஒழுகறதப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நம்ம வேலைன்னு."

எழுபது வளைவு

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கண்காட்சியில் எவனாவது அளந்து பார்த்தால் மானம் போவது டாக்டருக்கு. பஸ் மாறி மலை ஏறினேன். எழுபது வளைவுக்கும் வளைவுக்கொரு பொய் யோசித்தேன், ஒன்றும் தேறவில்லை. டாக்டர் ஓர் எருமையின் வாய்க்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

கையைக் கழுவி, பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டு, புதுத்தாளை நீட்டினார். "ஒண்ணு சீமை ஒரிஜினல், மூணு முள்ளுக்குறிச்சி ஒரிஜினல். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க, வண்டி போகட்டும்."

அன்றிலிருந்து எந்தக் காருக்கு அடியில் படுத்தாலும், ஷாக் அப்சார்பரைப் பார்ப்பதற்கு முன்னால் பழனியின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.