நேராக நடக்கிறவன் பெருமாள் அல்ல

சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ராஜாத்தி போனைத் தொடுவாள். காலையெல்லாம் ஏரியில் இறால் தடவிய கை. பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் மண்டியிட்டு நகர்வாள். இறால் பயந்தால் பின்பக்கம் துள்ளும். அதனால் வலக்கை முன்னே தடவ, இடக்கை பின்னால் குழிந்து காத்திருக்கும்.

சாயங்காலம் ஆனால் போனில் ஆட்டம். புருஷன் பெருமாள் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். அங்கே சிக்னல் நூலளவுதான். போன் பண்ணினால் பேச்சு அறுந்துவிடும். விளையாட்டுக்கு அந்த நூல் போதும். போனுக்குள் ஓர் ஊர், ஒரு குளம். சிவப்புச் சட்டை பொம்மை அவன், பச்சைப் பாவாடை பொம்மை இவள். கூடவே நடந்தபடி, ரெண்டு ரெண்டு வார்த்தையாகத் தட்டிப் பேசிக்கொள்வார்கள்.

சிக்னல் போனாலும் பொம்மை நிற்காது. போன பக்கமே இன்னும் போவான் என்று ஆட்டமே ஊகித்து நடத்திக்கொண்டு போகும். சிக்னல் வந்ததும், ஆள் நிஜமாக அதை நிறுத்தியிருக்கும் இடத்துக்கு வெடுக்கென்று திரும்பிவிடும். ஆரம்பத்தில் இது தெரியாமல் ராஜாத்தி அதன் பின்னாலேயே ஓடினாள். அவன் வந்து பார்த்தால் இவளைக் காணோம். "எங்கடி பூட்ட?" என்று அதற்கொரு சண்டை.

நேற்று ஆட்டத்துக் குளக்கரையில் நடந்துகொண்டே கேட்டான்: "மொதலாளி இன்னும் ரெண்டு வருசம் இருன்றாரு. இருக்கட்டா?"

"வாணாம். வந்துடு மாமா."

அனுப்பிய நேரம் பார்த்துச் சிக்னல் அறுந்தது. படித்தானோ இல்லையோ, சிவப்புச் சட்டை அவளை விட்டுவிட்டு நேரே நடந்தது.

பக்கத்தில் பறி கழுவிக்கொண்டிருந்த இருசம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, வான்னதும் உன் ஆளு அந்தாண்ட போறாரு? அங்க எவளாச்சும் கீறாளா?"

"அது அவுரு இல்லக்கா, ஆட்டம் நடத்துது. பயந்தா எங்க மாமா முன்னால போவமாட்டாரு, பின்னாலதான் துள்ளுவாரு. என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கே வாசல்லேர்ந்தே திரும்பிப் படகாண்ட பூட்டாரு!"

"நல்ல இறாலைப் புடிச்சடி!"

சிவப்புச் சட்டை திரையோரத்தில் புள்ளியாகி மறைந்தது. ராஜாத்தியின் சிரிப்பும் நின்றது. பச்சைப் பாவாடையை அதன் பின்னே அவள் விடவில்லை. பெருமாள் அந்தக் கேள்வியைக் கேட்ட இடத்துக்கு வந்து, அங்கிருந்து நாலடி பின்னே நிறுத்தினாள். போனை வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள். இடக்கை மடியில் மெல்லக் குழிந்தது.