பல்லை மூடிய ஈறு

பிரியமானவர்களே, சாவு கேட்டு ஜெபித்தவள் நான். என் ஜெபத்துக்கு ஆண்டவர் எப்படிப் பதில் கொடுத்தார் என்பதைச் சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் திருப்பூர் வீரபாண்டிக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம்.

சிறு வயதிலேயே எனக்கு ஈறு தடித்து வளர ஆரம்பித்தது. பால் பல் விழுந்த இடத்தில் புதுப் பல் வெளியே வரவில்லை. வந்த பற்களையும் சதை மூடிக்கொண்டது. நெற்றி, கன்னம், கை, முதுகு எல்லாம் கறுகறுவென்று முடி. பதினைந்து வயதில் உதட்டை மூட முடியவில்லை. பள்ளிக்கூடம் நின்றது. சோற்றைக் குழைத்து விழுங்குவேன். நான் பேசுவது அம்மாவுக்கு மட்டும்தான் புரியும். கொரோனாவில் ஊரே முகக்கவசம் போட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மற்றவர்கள் கழற்றிய பிறகும் நான் கழற்றவில்லை.

அம்மா என்னை ஒரு ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே வந்திருந்த ஊழியக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இது பெற்றவர்கள் செய்த பாவம் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அம்மா அன்று சாப்பிடவில்லை. அதன் பிறகு நான் சுகம் கேட்பதை விட்டுவிட்டேன். என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று மட்டும் ஜெபித்தேன். மாதக்கணக்கில் அதே ஜெபம்தான்.

போன வருடம் கிறிஸ்மஸ் ஆர்டர் நெருக்கடியில், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் குனிந்திருந்தேன். ஈறில் கசிந்த ரத்தம் வெள்ளை பனியன் மேல் சொட்டியது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். சூப்பர்வைசர் பழனியம்மாள் அக்கா என்னைத் தனியே கூட்டிப்போய், முகக்கவசத்தை இறக்கச் சொன்னார். இறக்கினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“ஏங்கண்ணு, டாக்டர்கிட்ட காட்டுனியா?”

இது சாபம் என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

“நான் முருகனக் கும்புடறவ. உன்ற சாமியப் பத்தி எனக்குத் தெரியாது. இதுக்கு ஆஸ்பத்திரி இருக்குது கண்ணு. நானே கூட்டிட்டுப் போறேன்.”

சொன்னபடியே அம்மாவையும் என்னையும் கோவையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மரபணுவால் வரும் அபூர்வமான கோளாறு என்றார் அங்கிருந்த பெண் மருத்துவர். அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“நாங்க செஞ்ச பாவமா டாக்டரம்மா?”

“இல்லம்மா. இதுல யார் தப்பும் இல்ல.”

அம்மா அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஈறைப் பகுதி பகுதியாக வெட்டி எடுத்தார்கள். வாய் நிறையத் தையல். கஞ்சிகூட இறங்காத வாரங்கள் இருந்தன. அப்போதும் சாவைக் கேட்டேன், மறைக்கவில்லை. ஈறு மறுபடி வளரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முடி போகவில்லை. இன்று காலையும் முகத்தைச் சவரம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் எனக்குப் பற்கள் இருக்கின்றன. கோணல்தான், இருந்தாலும் என் பற்கள். ஈஸ்டர் ஆராதனையில் நற்கருணை அப்பத்தை மென்று தின்றேன். பக்கத்தில் முழங்காலில் நின்ற அம்மா கண்ணை மூடவே இல்லை. நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் போல் சாவு கேட்டு ஜெபிக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், சாவைக் கேட்பதை விடுங்கள், ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். யாராவது வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டால், தட்டிவிடாமல் கூடப் போங்கள். ஆண்டவர் யாரை அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. எனக்குப் பழனியம்மாள் அக்காவை அனுப்பினார்.