பூனைக்கும் பத்தியம்

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் (அத்தை) என்று கூப்பிடுபவர், வேலியோரச் செடியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் கணவருக்குச் சிறுநீரகத்தில் கல். அந்த இலையைக் காய்ச்சித்தான் தினமும் குடிக்கிறார்.

எங்கள் வீட்டில் அம்மாவின் பூனைக்கும் சிறுநீரகம்தான் கெட்டிருந்தது. தடவினால் முதுகெலும்பு விரலில் தட்டுப்படும் அளவுக்கு இளைத்துப்போய், எப்போது பார்த்தாலும் தண்ணீர்க் கிண்ணத்தருகே கிடந்தது. மிருக வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, வயதாகிவிட்டது, மருந்து என்று ஒன்றும் இல்லை, தண்ணீர் மட்டும் தாராளமாக வையுங்கள் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா பூனை இருந்த கூடையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டுச் சும்மா இருந்த எனக்கோ, மருந்து இல்லை என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. மனிதருக்கு ஆகிற இலை பூனைக்கு ஆகாதா?

கேட்டதும் மக்சிக் தோள் குலுங்கச் சிரித்தார். பூனைக்குக் கொடுத்து யாரும் பார்த்ததில்லையாம். ஆனாலும் ஒரு பிடி இலை தந்தார்.

கஷாயத்தை முகர்ந்த பூனை எழுந்து போய்விட்டது. அம்மா அதைத் துண்டில் சுற்றிப் பிடிக்க, நான் கரண்டியால் ஊற்றினேன். கஷாயம் சட்டையில், கீறல் கையில்.

"படிச்ச புள்ள, பூனைகிட்ட தோத்துட்டியே," என்றார் அம்மா.

விடுவேனா? பூனைக்கு உயிரே உப்பு நெத்திலிக் கருவாடுதான். அதை வேகவைத்த தண்ணீரில் கஷாயத்தைக் கலந்து வைத்தேன். தட்டை நக்கித் துடைத்துவிட்டது.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்லா, பாத்தேன்." அம்மா முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு.

மறுநாள் பூனை தண்ணீரை விட்டு நகரவே இல்லை. குடித்தது, வாந்தியெடுத்தது, மறுபடி குடித்தது. அம்மா தரையைத் துடைத்தார். இலை அதிகமாகிவிட்டதா, குறைத்துக் காய்ச்ச வேண்டுமா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு அப்போது மஞ்சள் காமாலை. தஞ்சோங் பகார் துறைமுக வேலைக்கு விடுப்புப் போட்டு, கீழாநெல்லி அரைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கஞ்சியை வெறித்துப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு மருந்துன்னா உப்பு கூடாது, புளி கூடாது. அதுக்கு மருந்துன்னா கருவாட்டு விருந்து. நான் பூனையா பொறந்திருக்கணும்."

"பொறந்திருந்தா ஒரு எலியாவது புடிச்சிருப்பீங்க," என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் பத்தியம் இல்லாமல் எந்த நாட்டு மருந்தும் யார் தொண்டையிலும் இறங்கியதில்லை. பூனைக்கு மட்டும் அதை யாரும் நினைக்கவில்லை. படுத்தியது இலையா, உப்பா? இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

"அம்மா, நாளைக்கு இலையும் வேண்டாம், கருவாடும் வேண்டாம். தேக்கா சந்தையில பச்சை மீன் வாங்கிட்டு வரேன். உப்பில்லாம வேகவச்சு, அந்தத் தண்ணிய ஆறவச்சுக் குடுப்போம்."

"உப்பு படாத பானை இந்த வீட்டுல ஒங்கப்பா கஞ்சிப் பானை ஒண்ணுதான்."

"அப்புறம் என் கஞ்சில மீன் வாடை அடிக்கும்," என்றார் அப்பா.

"அடிக்கட்டும். உப்புதான் இல்ல, வாடையாவது இருக்கட்டும்."

அம்மா அப்போதே பானையைக் கழுவிக் கவிழ்த்தார். நான் சந்தைக்கூடையை எடுத்து வாசல் ஆணியில் மாட்டினேன். முதலில் உப்பில்லாத மீன் தண்ணீர் மட்டும். அது வயிற்றில் தங்கினால், இலையைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.