சக்கரம் தந்த பெயர்

கத்தானியா நகரில், கன்னியர் மடத்துச் சுவரில் வெளியே வைத்ததை உள்ளே திருப்பிவிடும் மரச்சக்கரம் ஒன்று உண்டு. அதில் கைவிடப்படும் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே குடும்பப்பெயர்தான்: த்ரொவாத்தோ, கண்டெடுத்தது. துணி வெளுக்கும் நுன்சியாவும் அப்படி வந்தவள். கட்டிக்கொள்வதாகச் சொன்ன கொத்தனின் தாய், அந்தப் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்திவிட்டாள். அப்போது நுன்சியாவின் வயிற்றில் ஏழு மாதம்.

பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சி வென்னெரா சொன்னாள்: "புருஷன் இல்லாம எப்படிடி வளர்ப்ப? சக்கரத்துல வச்சிடு. பின்னால வந்து கேக்கும்போது அடையாளத்துக்குன்னு பாதி மெடலைப் பிள்ளைகிட்ட கட்டி விட்டு, மீதியைத் தாய் வச்சிப்பா. உங்கிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் வேணாங்க்கா. எப்படியும் எம்பேரைத்தான் வைப்பாங்க."

"அந்தப் பேராலதானடி உனக்கு இந்தக் கதி!"

நுன்சியா அன்றிரவே மடத்துச் சுவருக்குப் போனாள். பிள்ளையைச் சக்கரத்தில் கிடத்தி உள்பக்கம் திருப்பினாள். உள்ளிருக்கும் கன்னியரை அழைக்கும் மணியையும் அவளே அடித்தாள்.