ஒட்டுச்சா?

என் அக்கா வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொல்கிறவர். அதே அறையில் பக்கத்து மேசையில் வண்டிகளுக்கு நேரம் போட்டு அனுப்புகிற டைம் கீப்பர் நான். வீட்டில் அத்தான், வேலையில் சீனியர். ஆக, அவர் குரலிலிருந்து எனக்கு எந்தப் பக்கமும் விடுதலை கிடையாது.

டிப்போவில் அவருக்கு ‘டிராயர்’ என்று பெயர். உள்ளே போடுகிற டிராயர் இல்லை, மேசை டிராயர். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி வெளியே வந்திருக்கும், யாரோ இழுத்துவிட்டு மூட மறந்த மாதிரி. பெயர் வைத்தது ஒரு டிரைவர். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் அர்த்தத்தை நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்தத் தாடையோடுதான் படித்தார், வேலை வாங்கினார், என் அக்காவைக் கட்டினார், ஒரு பெண்ணையும் பெற்றார். குரலோ வெண்கலம். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அவர் ஆரம்பித்தால் தூங்கிக்கொண்டிருப்பவன் எழுந்து செருப்பைத் தேடுவான். பிறகு என்ன கேடு வந்தது? கண்ணாடி வந்தது. அதுவரை அறிவிப்பு அறைக்குப் பலகைச் சன்னல். மேலிடம் திடீரென்று பெரிய மனசு பண்ணி அதை எடுத்துவிட்டு ஆளுயரக் கண்ணாடி போட்டது. குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஜனம் ஆளையும் பார்க்க ஆரம்பித்தது. ஒரு குழந்தை இடுப்பில் உட்கார்ந்தபடி, “அம்மா, அந்த அங்கிள் ஏன் நம்மள முறைக்கிறாரு?” என்று கேட்டது. அவர் முறைக்கவில்லை. அவர் முகமே அப்படி. அன்றைக்கு அவர் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

அடுத்த மாதமே ஒரு டாக்டரைப் பிடித்துவிட்டார். டாக்டர் நல்ல மனிதர்தான், சிரித்த முகம். ஏற்கெனவே அத்தானுக்கு முன்பல்லால் எதையும் கடிக்க முடியாது. அதைச் சொன்னதும், “அழகுக்கு மட்டும் இல்ல சார், கடிக்கிறதுக்கும் இது அவசியம்” என்று டாக்டர் ஒரு நியாயமும் எடுத்துக் கொடுத்தார். கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் அறுத்துப் பின்னால் தள்ளி, தகடு வைத்துத் திருகாணி முடுக்குவது. ஏதோ கதவு வேலை மாதிரி சொன்னார்.

அக்கா விடவில்லை. “நாப்பது தாண்டின ஆளுக்குப் பல்லுல கம்பி, தாடையில ஆணி. எவளைப் பொண்ணு பாக்கப் போறீங்க?” என்று ஒரு பக்கம் கிழித்தாள். டாக்டர் அறையில் வந்து உட்கார்ந்தும் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

“அங்க ஒரு நரம்பு போகுதுன்னு சொல்றீங்களே, அது திரும்ப வேலை செய்யலைன்னா?”

“கொஞ்ச நாள் மரத்த மாதிரி இருக்கும்மா. ஆறு மாசத்துல சரியாயிடும். நெகட்டிவா யோசிக்காதீங்க.”

அத்தான் அக்காவைப் பார்த்து, ‘கேட்டியா?’ என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உண்மையைச் சொல்லாவிட்டால் பாவம். வீக்கம் வடிந்ததும் ஆள் ஜோராக இருந்தார். டிராயர் மூடிவிட்டது. பெயர்தான் போகவில்லை. டாக்டர் அவருடைய முன், பின் படங்களைத் தன் அறைச் சுவரில் மாட்டினார். அடையாளம் தெரியக் கூடாதாம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டிருந்தார். அத்தானை அடையாளம் கண்டுபிடிக்க இந்த ஊரில் யாருக்குக் கண் வேண்டும்?

அழகு வந்தது. உதடு போய்விட்டது. இருக்கிறது, ஆனால் அவரிடம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் வாய் தடித்துப்போகுமே, அது கீழுதட்டிலும் மோவாயிலும் வந்து உட்கார்ந்து போகவே இல்லை. டீ சுட்டால் தெரியாது. சாப்பிடும்போது உதட்டையே சேர்த்துக் கடித்துவிட்டு, “ஏன் உப்புக் கரிக்குது?” என்று கேட்பார். எதுவும் தெரியாத அந்த இடத்தில் வலி மட்டும் தெரியும், அதுதான் அநியாயம். சும்மா இருக்கும்போது எறும்பு ஊறும். குளிர்காற்றுப் பட்டால் சுரீரென்று கரண்ட் அடிக்கும். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா!

ஆறு மாதம் ஆயிற்று. டாக்டர், “இன்னும் ஆறு மாசம் பாப்போம்” என்றார். அந்த ஆறு மாதமும் போய் வேறு ஆறு மாதங்கள் வந்தன. டாக்டரின் காலண்டரில் அதற்குமேல் மாதமே கிடையாது போல.

வீட்டில் ஒரு சைகை பிறந்தது. சாப்பிடும்போது மோவாயில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் அவருக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னால் கோபம் வரும். அதனால் அக்கா தன் மோவாயை ஒரு விரலால் தொடுவாள், அவர் உடனே துடைப்பார். மகள் தொட்டாலும் துடைப்பார், நான் தொட்டாலும் துடைப்பார். வினை என்னவென்றால், யார் தொட்டாலும் துடைப்பார். எங்கள் மேனேஜருக்குத் தாடியைச் சொறிகிற பழக்கம். ஒரு மீட்டிங் முழுக்க அவர் சொறிய, இவர் துடைக்க, கடைசியில் மேனேஜர் என்னிடம் வந்து, “என்னப்பா, அவருக்கு வேர்த்துக் கொட்டுதே, ஏதாவது தப்பு பண்ணிட்டாரா?” என்று ரகசியமாகக் கேட்டார்.

இதைக்கூடத் தாங்கலாம். வேலையில் வந்ததுதான் பெரிய கூத்து. ப, ம இரண்டுக்கும் உதடு உதட்டோடு ஒட்ட வேண்டும், வ-வுக்குப் பல்லாவது உதட்டில் பட வேண்டும். இவருக்கு ஒட்டுகிறதா இல்லையா என்றே தெரியாது. உண்மையில் ஒட்டத்தான் செய்தது. கேட்கிற எங்களுக்கு ஒன்றிரண்டு இடத்தில் லேசாகக் காற்று கசியும், அவ்வளவுதான். சொன்னால் நம்ப வேண்டுமே! அம்மா, அப்பா, மாமா, பாப்பா, மாப்பிள்ளை என்று பாதிச் சொந்தத்தை உதட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறது தமிழ். இவர் இப்படி ஓர் ஆபரேஷன் பண்ணிக்கொள்வார் என்று அது கண்டதா?

ஒரு காலையில் மைக்கைப் போட்டு, “ஐயா, அண்ணா, அக்கா, கேளுங்கள். எண் எட்டில் நிற்கிறது. இதோ எடுக்கிறார்கள். ஏறிக்கொள்ளுங்கள்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதடு ஒட்ட வேண்டிய எழுத்து ஒன்றுகூட இல்லை. ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார் மனிதர்! பயணிகளுக்கு ஒரே சந்தோஷம், இந்த நிலையத்தில் இதுவரை யாரும் அவர்களை அண்ணா என்றதில்லை. ஒரே ஒரு குறைதான். எந்த ஊர் வண்டி என்பது அறிவிப்பில் இல்லை. அந்த ஊர்ப் பெயரில் ‘ப’ இருந்தது. கிழக்கே போக வேண்டிய ஒரு பெரியவர், மரியாதையாகக் கூப்பிட்டார்களே என்று ஏறி உட்கார்ந்து, மேற்கே கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டார்.

மேனேஜர் தாடியைச் சொறிந்துகொண்டே திட்டினார். அத்தான் துடைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. பழைய அறிவிப்பையே படிப்பார், மைக்கை அணைப்பார், என் பக்கம் திரும்புவார்.

“ஒட்டுச்சா?”

“ஒட்டுச்சு அத்தான்.”

இது ஒவ்வொரு வண்டிக்கும். எத்தனை வண்டி போகிறது என்று என்னைக் கேட்காதீர்கள், அழுதுவிடுவேன். சில நாள் எரிச்சலில், “ஒட்டுச்சு, ஒட்டுச்சு, பசை போட்ட மாதிரி ஒட்டுச்சு” என்று கத்தியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “சரி மாப்ள” என்று சொல்லிவிட்டு, அந்த ‘மாப்ள’வும் ஒட்டியதா என்று என் முகத்தைப் பார்ப்பார். உடனே நான் தலையாட்டிவிடுவேன்.

வேலையில் படுகிற இந்தப் பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டில் வேறு அறிவிப்பு. “எப்படியிருக்கு?” என்று யார் கேட்டாலும், “சூப்பர். எம்பது பர்சன்ட் திரும்பி வந்துடுச்சு. மோவாயில கொஞ்சம்தான் பாக்கி, அதுவும் வந்துக்கிட்டிருக்கு.” நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்பார்கள். இவருக்கு உதட்டிலும் இல்லை, பிறகு கேட்பானேன்! காரணம் ஒன்றே ஒன்றுதான். வருத்தப்படுகிறேன் என்று ஒரு வார்த்தை விட்டால் அக்கா, “நான் அப்பவே சொன்னேன்ல?” என்பாள். நரம்பு போனதைத் தாங்கிவிட்டார், அந்த வாக்கியத்தைத் தாங்க அவரிடம் தெம்பில்லை.

சரி, புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், எப்படியோ போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர்கள் மகள் இருக்கிறாளே, அப்பாவின் குரலை வாங்கியிருக்கலாம், தாடையை வாங்கி வைத்திருந்தாள். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

“அப்பா, நானும் அந்த ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அதே டாக்டர்கிட்ட. உங்களுக்கு நல்லாத்தானே ஆச்சு? நெஜமா சொல்லுங்க.”

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள்.

“எனக்கென்னம்மா, சூப்பரா இருக்கேன்” என்றார். மோவாயில் ஒரு பருக்கை. யாரும் சைகை காட்டவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் வேண்டுமென்றே காட்டவில்லை.

வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். “என்ன மனுஷன் நீங்க? பெத்த பொண்ணுகிட்டயா இப்படி?”

“உங்க அக்கா பக்கத்துல இருந்தா, மாப்ள.”

“அதுக்கு?”

“நானே சொல்றேன். டாக்டர்கிட்ட போறதுக்குள்ள சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத.”

சொன்னாரா? சொன்னார், எங்கே! தினமும் காலையில், “இன்னைக்குச் சொல்லிடுவேன்” என்று என்னிடம்தான் சொன்னார். நாள் நெருங்கியது. இந்த மனிதரை நம்பிப் பெண்ணை அனுப்ப முடியாது என்று லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன்.

டாக்டர் அறையில் நாங்கள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். சுவரில் அத்தான் கண் மறைத்தபடி இரண்டு முறை தொங்கினார். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. டீ வரவழைத்தார். இப்போது தாடி வேறு வளர்த்திருந்தார்.

“உனக்கு எந்தப் பயமும் வேண்டாம்மா. நான் சொல்றத விட அப்பாவையே கேளு. அனுபவிச்சவர் பக்கத்துலயே இருக்காரு. சொல்லுங்க சார், எப்படி இருக்கு?”

அத்தான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “அது வந்து…” என்றார். கீழுதட்டிலிருந்து டீ வழிந்து மோவாயில் சொட்டாக நின்றது. அக்கா தன் மோவாயைத் தொட்டாள். மகளும் தொட்டாள். என் கையும் தன்னால் போனது. சரியாக அந்த நேரம் பார்த்து டாக்டரும் தாடியைச் சொறிந்தார்.

அத்தான் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கை பாதி தூரம் மேலே வந்தது. பிறகு அதைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“எல்லாரும் கைய எறக்குங்க” என்றார். “ஒட்டியிருக்குல்ல? இருக்கட்டும்.”

“அப்பா, துடைச்சுக்கோங்கப்பா.”

“வேண்டாம்மா. நல்லாப் பாத்துக்க. எனக்கு இது தெரியல. அன்னைக்கிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எதுவுமே தெரியல. எம்பது பர்சன்ட் வந்துடுச்சுன்னு சொன்னது பொய். ஒரு பர்சன்ட்கூட வரல. ஷேவ் பண்றப்ப வேற யாருக்கோ பண்ற மாதிரி இருக்கு. காத்துப் பட்டா உயிர் போகுது. மைக்குல ஒவ்வொரு வார்த்தைக்கும் செத்துப் பொழைக்கிறேன். அந்தப் பழைய மூஞ்சியத் திருப்பித் தரேன்னா இப்பவே வாங்கி மாட்டிக்கிட்டுப் போயிடுவேன்.” சொட்டு சட்டையில் விழுந்தது. “நீ பண்ணிக்கிறதும் பண்ணிக்காததும் உன் இஷ்டம். அது உன் தாடை. ஆனா என்னப் பாத்து, நல்லா இருக்குன்னு நம்பிப் பண்ணிக்காத.”

டாக்டர் தொண்டையைச் செருமினார். “எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லம்மா. நிறைய பேருக்குத் திரும்பி வந்துடும்.” பொய் சொல்லவில்லை, நிறைய பேருக்கு வந்துதான் இருக்கும்.

“எங்க அப்பாவுக்கு எப்ப டாக்டர் வரும்?” என்றாள் அவள்.

“இன்னும் ஒரு ஆறு…” என்று ஆரம்பித்துவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அத்தானும் பார்க்காத மாதிரி அவளைத்தான் பார்த்தார். இத்தனை வருடம் அவர் பயந்து ஓடிய வாக்கியம் இதோ வரப்போகிறது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

“நான் அப்பவே கேட்டேன்ல?” என்றாள். அவரிடம் இல்லை, டாக்டரிடம். “இதே நாற்காலியில உக்காந்துதான் கேட்டேன். திரும்ப வரலைன்னா என்னன்னு கேட்டேன். நெகட்டிவா யோசிக்காதீங்கன்னீங்க. முதல்ல அந்தப் படத்தை எடுங்க. இல்லன்னா பட்டையக் கண்ணுல போடாதீங்க, வாயில போடுங்க. போனது அங்கதான்.”

மகள் தன் எக்ஸ்ரே கவரை எடுத்துப் பைக்குள் வைத்து, “நான் யோசிச்சுட்டு வரேன் டாக்டர்” என்று எழுந்தாள். அக்கா கைக்குட்டையை எடுத்து, சைகையெல்லாம் இல்லாமல், எல்லார் முன்னாலும் அவர் மோவாயைத் துடைத்துவிட்டாள். அவர் துடைக்க விட்டார்.

வெளியே வந்து படியிறங்கும்போது அத்தான் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினார். அவ்வளவு நேரம் பேசியதில் எத்தனை ப, எத்தனை ம!

“ஒட்டுச்சா?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள், முன்னால் போய்க்கொண்டிருந்த மகள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாம் ஒட்டுச்சுப்பா” என்றாள்.